இசட் எழுத்தில் ஒரு பெயர்

ஜூன் 3, செவ்வாய்

இரத்த அழுத்தத்தைக் காலையும் மாலையும் குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர் மரகதம். அதற்காக வாங்கிய டைரி இது. ஒரு பக்கத்தில் இரண்டு எண்கள் போக மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள். தாளை வீணாக்கக் கூடாதென்று வளர்க்கப்பட்டவள் நான். அதனால் எழுதுகிறேன், வேறு காரணம் கிடையாது.

அழுத்தம் என்னுடையதல்ல, என் தம்பி மகள் பெர்சிஸுடையது. வயிற்றில் ஆறு மாதம். புருஷன் கப்பலில் இன்ஜினியர். இப்போது பிரேசில் பக்கமோ எங்கோ மிதக்கிறான். தம்பி வீடு சாத்தான்குளத்துக்கும் அப்பால். அங்கிருந்து அவசரத்துக்கு வண்டி பிடித்து வருவதற்குள் என்னவும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, கல்லூரிக் குவார்ட்டர்ஸில் ஓர் அத்தை தனியாக இருக்கிறாள், அவளுக்கு வேலையும் பெரிதாக இல்லை என்று குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். இறையியல் கல்லூரியில் முப்பது வருடமாகக் கிரேக்கம் கற்பிப்பது அவர்கள் அகராதியில் வேலை இல்லை.

பெர்சிஸ் இடப்பக்கமாகவே படுத்திருக்க வேண்டும். நடமாடக் கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும்.

"அத்தே, ரசத்துல உப்பே இல்ல."

"அது உப்பில்லா ரசம்தான்" என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

மெர்லின் வந்தாள். தம்பி மனைவி, பெர்சிஸின் அம்மா. கையில் பலாப்பழம், நாட்டுக்கோழி முட்டை, கைபேசி. கைபேசியில் 'கிரேக்கக் குழந்தைப் பெயர்களும் அழகிய அர்த்தங்களும்'.

"மைனி, நீங்கதான கிரேக்கு படிச்சவிய. ஒரு நல்ல பேரா எடுத்துக் குடுங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கும் இல்லாததா இருக்கணும். பொம்பளப்புள்ளதான். வயிறு கூம்பாம அகலமா இருக்கு, பாத்தியளா?"

ஒரு செத்த மொழியின் வினைச்சொற்களோடு வாழ்நாளைக் கழித்ததற்குக் கிடைத்த மரியாதை இது. பேர் எடுத்துக் கொடுப்பது. புடவைக் கடையில் பார்டர் எடுத்துக் கொடுப்பதுபோல.

"தாலியா" என்று வாசித்தாள். "தேவதையின் புன்னகைன்னு போட்டுருக்கான்."

"செழிப்பு. பூப்பது. அதில் தேவதையும் இல்லை, புன்னகையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'தாலியா, யாரு கட்டினா?' என்று கேட்பார்கள்."

"கலிப்ஸோ. கடலின் இளவரசி."

"மறைத்து வைப்பவள். ரேஷன் கடை நடத்துவதானால் வை."

"பார்பரா. அன்னிய தேசத்து அழகி."

"'பர் பர்' என்று உளறுகிறவள். கிரேக்கம் பேசத் தெரியாதவர்களையெல்லாம் கிரேக்கர்கள் அப்படித்தான் சொன்னார்கள். உன்னையும் என் மாணவர்களையும் சேர்த்து."

"மெலிசா?"

"தேனீ."

"நல்லாத்தான இருக்கு மைனி!"

"கொட்டும்."

அந்த வலைப்பக்கத்தை எழுதியவனுக்கு மூன்று அர்த்தங்கள்தான் தெரியும்போல: அழகானவள், அன்பானவள், தலைவி. உலகத்துப் பெயர்களை எல்லாம் அந்த மூன்று சாக்குகளில் பிரித்துப் போட்டிருக்கிறான். இரண்டு சமஸ்கிருதப் பெயர்களும் ஓர் அரபிப் பெயரும் கிரேக்கமாகியிருக்கின்றன. கேட்பதற்கு ஆளில்லாத மொழி என்றால் இப்படித்தான்.

இசட் எழுத்து வரை வந்துவிட்டாள். அங்கே ஒன்றை வாசிக்க வாயெடுத்தவள் நிறுத்தினாள். கட்டில் பக்கம் ஒரு பார்வை. கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பலாப்பழம் அறுக்க எண்ணெய் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 9, திங்கள்

கத்தியில் பலாப்பிசின் இன்னும் போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு ஆலோசனை. மெர்லின் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். "டீச்சர், உங்க மருமக பிள்ளைக்கு ஐரீன்னு வைக்கலாமே" என்கிறார் ஜார்ஜ். ஜார்ஜ் என்றால் உழவன். இந்த ஜார்ஜ் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டியில் துளசி வைத்தால்கூட வாடவிடுகிறவர். பிலிப் என்றால் குதிரைப் பிரியன். எங்கள் சபைப் பிலிப் நாயைக் கண்டால் மறுபக்க நடைபாதைக்குப் போய்விடுவார்.

வீட்டை மட்டும் விட்டு வைப்பானேன். தம்பி பிலேமோன்: பாசமாக முத்தமிடுகிறவன். அவன் பாசம் மனைவிக்கு எதிராக ஒரு வாக்கியம்கூடப் பேசாததில் இருக்கிறது. பெர்சிஸ்: பாரசீகத்துப் பெண். சாத்தான்குளத்தைத் தாண்டிய பாரசீகம். நான் தொற்காள். மான். இரண்டு முழங்காலிலும் உறை போட்டுக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக இறங்கும் மான். மெர்லின் கிரேக்கமும் இல்லை, பெண்பெயரும் இல்லை, தாடி வைத்த ஒரு மந்திரவாதியின் பெயர். திருமணமாகி வந்த நாளிலிருந்து இதை நான் அவளிடம் சொன்னதில்லை. என் பெருந்தன்மை யாருக்கும் தெரிவதில்லை.

பெயர் என்பது பெற்றவர்களின் பேராசை. அவ்வளவுதான்.

மாலை அழுத்தம் கொஞ்சம் கூடுதல். கால் வீக்கம். முருங்கைக்கீரை நல்லது என்று பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். உருவிப் பொரியல் செய்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

தேர்வுத்தாள்கள். 'ஆவி' என்ற சொல்லுக்கு எல்லா வேற்றுமையிலும் ஒரே விகுதி போட்டிருக்கிறான் ஒருவன். நாளை இவன் பிரசங்கம் செய்வான், ஜனங்கள் ஆமென் சொல்வார்கள்.

தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பெர்சிஸ் கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

"அத்தே, அம்மா சொன்ன பேரையெல்லாம் கழிச்சிட்டீங்க. நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்."

"பிறக்கட்டும், பார்க்கலாம்."

"பொறக்கதுக்கு முன்ன பேரு வச்சா ஆகாதுன்னு சொல்லுவாவல்லா, அது மாதிரியா?"

"அது மூடநம்பிக்கை."

"அப்போ சொல்லுங்க."

"தாள் திருத்த வேண்டியிருக்கிறது."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கப் போனாள்; இடப்பக்கம் என்று ஞாபகப்படுத்தினேன். அப்படியே படுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "அன்னைக்கு அம்மா வாசிக்காம விட்டாள்லா, அந்தப் பேர நீங்களாவது சொல்லலாம். ரெண்டு வருசமா இந்த வீட்டுல ஒருத்தரும் சொல்லல. அது என் பிள்ளை பேருதான?"

நான் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் எதுவும் இல்லை.

விவரத்துக்காக எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பு, இதே ஆஸ்பத்திரி, ஏழாம் மாதம். அந்தக் குழந்தைக்கு முன்கூட்டியே பெயர் இருந்தது. இசட்டில் தொடங்குவது. கிரேக்கத்தில் 'உயிர்' என்று அர்த்தம். தேர்ந்து கொடுத்தது யார் என்பது இங்கே முக்கியமில்லை. குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. சொல்லின் வேருக்கும் நஞ்சுக்கொடிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மதியம் சாப்பிடவில்லை. தாள் திருத்த வேண்டியிருந்தது.

ஜூலை 2, புதன்

சிலிண்டர் தீர்ந்துபோனது. பதிந்திருக்கிறேன். அழுத்தம் காலையும் மாலையும் அதிகம். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று முன்தினம் நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காலை பத்து மணி வாக்கில் பெர்சிஸ் தலை வெடிக்கிறது என்றாள். கண்ணில் மின்னல் மாதிரி தெரிகிறது என்றாள். அளந்தேன். அந்த எண்ணை எழுதவில்லை. ஆட்டோவில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது.

டாக்டர் மரகதம் என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். தம்பிக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டோம், பேய்க்குளம் வந்துவிட்டோம் என்று மெர்லின் அழுதுகொண்டே சொன்னாள். மருமகனின் கப்பலுக்கு லைன் கிடைக்கவில்லை. வராந்தாவில் என்னைத் தவிர குடும்பத்தில் யாருமில்லை. எதிர்ச் சுவரில் தாய்ப்பாலின் மகத்துவம் பற்றி ஒரு சுவரொட்டி. இரண்டு எழுத்துப்பிழைகள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா பிழைச்சுக்குவாங்க. குழந்தைதான் தானா மூச்சு எடுக்கல. கையால மூச்சு குடுத்துட்டிருக்கோம். வென்டிலேட்டர் தயாராகுது. அதுவரைக்கும் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. நீங்க கிறிஸ்டியன்ஸ். உங்க வழக்கப்படி ஏதாவது செய்யணும்னா, இப்பவே செஞ்சிடுங்க."

மேசையில் விளக்குக்குக் கீழே கிடந்தது. பெண். என் உள்ளங்கையில் அடங்கிவிடும். நிறம் நன்றாக இல்லை. அதற்கு மேல் வருணிக்க எனக்கு வராது. ஒரு நர்ஸ், நடுத்தர வயது, கறுத்து ஒடிசலாக, அந்தச் சின்ன முகத்தின் மேல் மூடியை வைத்துப் பையை இரண்டு விரலால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குச் சபைக் குருவான ஐயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் வேண்டும், திரித்துவத்தின் நாமம் வேண்டும், குழந்தைக்கு ஒரு பெயர் வேண்டும். ஊசிமருந்து கலக்கும் தண்ணீர்க் குப்பி ஒன்றை யாரோ உடைத்துப் பஞ்சில் நனைத்து என் கையில் கொடுத்தார்கள்.

பெயர் வரவில்லை.

ஆல்ஃபாவிலிருந்து ஒமேகாவரை ஒன்றும் இல்லை. தாலியாவும் மெலிசாவும்கூட வரவில்லை. ஒன்றே ஒன்று வந்தது. அதை நான் சொல்வதாக இல்லை. என் வாயை நான் இறுக்கி மூடிக்கொண்டேன். பக்கத்தில் டாக்டர் கத்திக்கொண்டிருந்தார்: "விடாத, இசக்கி! இன்னும் கொஞ்சம்! இசக்கி, கையெடுத்துடாத!"

பஞ்சைக் குழந்தையின் நெற்றியில் வைத்தேன். "இசக்கி" என்றேன்.

நர்ஸ் தலை நிமிராமல், பையை அமுக்குவதை நிறுத்தாமல், "என்ன மேடம்?" என்றாள்.

"உன்னை இல்லை" என்றேன். மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூன்று தரம் பஞ்சு.

வென்டிலேட்டர் வந்தது. என்னை வெளியே அனுப்பினார்கள். சுவரொட்டியில் மூன்றாவதாக ஒரு பிழை இருந்தது.

ஜூலை 12, சனி

இருக்கிறது.

ஜூலை 19, சனி

பெர்சிஸைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். மெர்லினும் தம்பியும் இட்லி வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

"என்ன பேரு வச்சீங்க?"

"இசக்கி."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க அத்தே, தையல் இழுக்கு" என்றாள். சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஜன்னல் கம்பியில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அர்த்தம் என்ன?" என்றாள் கடைசியில்.

"இயக்கி என்பதன் மரூஉ என்பார்கள். இயங்க வைப்பவள்."

"பரவால்லயே" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

மெர்லினுக்குத் தெரிந்துவிட்டது.

"இசக்கின்னு ஊர்ச்சாமி பேர வைக்கவா மைனி நாலு தலமொறைக்கு முன்ன நாங்க அதெல்லாம் விட்டு வேதத்துக்கு வந்தோம்? வெளிய தல காட்ட முடியுமா? கிரேக்குல ஒரு பேருகூடவா உங்களுக்குக் கெடைக்கல? அன்னைக்கு எனக்கு அத்தன நொட்டச் சொல்லு சொன்னீயளே!"

நியாயமான கேள்விதான். பிளாஸ்கைக் கழுவினேன். தம்பி, "விடு மெர்லின், பிள்ள இருக்குல்லா" என்றான். எனக்குத் தெரிந்து அவன் மனைவியை எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம். பதற்றத்தில் உளறியிருப்பான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குழாய்களை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு. பால் சிரிஞ்சில் போகிறது. பெர்சிஸ் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்காருகிறாள், கங்காருபோல. அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு பழைய வேட்டியும் போதுமாம். விஞ்ஞானம் எங்கோ போகிறது, கடைசியில் வேட்டியில் வந்து நிற்கிறது.

நர்ஸ் இசக்கியம்மாளிடம் நன்றி சொன்னேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. அவள், "கையக் கழுவிட்டு வந்தீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். இன்னொரு முறை கழுவிவிட்டு வந்தேன். பிறகு பேச்சோடு பேச்சாக, "நம்ம பேரத்தான் வச்சிருக்கீங்களாமே? ஆசப்பட்டு வைக்கிற பேரில்லயே இது. எங்க ஊர்ல கூப்பிட்டா நாலு பேரு திரும்பும்" என்றாள்.

மெர்லினின் தெருவில் ஒருத்தருக்கும் இருக்கக் கூடாது. இவள் ஊரில் நான்கு பேர்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குழந்தை நேற்று வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று மாலை மெர்லின் சபை ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டென்னிஸ் ஐயர். இளைஞர். நல்ல மனிதர், அதுதான் அவரிடம் உள்ள குறை. வாழைக்காய்ச் சிப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே பேசினார்.

"ஞானஸ்நானம் செல்லும்மா, அதுல கேள்வியே இல்ல. மறுபடி குடுக்கவும் கூடாது. சபையில குழந்தைய ஏத்துக்கிட்டுப் பதிவு பண்றது மட்டுந்தான் பாக்கி. பதியும்போது இசபெல்லான்னு எழுதிக்கலாமான்னு அம்மா கேக்காங்க. முதல் ரெண்டு எழுத்து ஒண்ணுதான். இசக்கிங்கிறது... உங்களுக்குத் தெரியாததில்ல, அது வேற தெய்வத்தோட பேரு. சபையில நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்ல?"

"உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம், ஐயா?"

"என் பேரா? டென்னிஸ்... அப்பா வச்சது."

"தியோனீசியுஸ் என்பதன் சுருக்கம். தியோனீசுஸ் என்ற கடவுளுக்கு உரியவன் என்று பொருள். அது கிரேக்கர்களின் மதுக் கடவுள். திருவிழா நடத்துவார்கள், ஆணும் பெண்ணும் குடித்துவிட்டு மலையில் ஆடுவார்கள்."

ஐயர் சிப்ஸைத் தட்டில் வைத்தார்.

"உங்கள் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிற ஃபீபி, நிலாத் தெய்வத்தின் பட்டப்பெயர். செயலாளர் தெமேத்ரியு, தானியத் தேவதைக்கு உரியவர். காணிக்கை எடுக்கும் இசிதோர் அண்ணாச்சி எகிப்துத் தேவதை தந்த வரம். பீடத்துக்கு முன்னால் இத்தனை அன்னிய தெய்வங்கள் கோட்டும் சேலையுமாக நிற்கின்றன. அவையெல்லாம் கப்பலேறி வந்ததால் பரிசுத்தம். பஸ் ஏறி வந்த ஒருத்திக்கு மட்டும் பதிவேட்டில் இடமில்லையா?"

நன்றாகத்தான் பேசினேன். இந்த முப்பது வருடத்தில் என் கிரேக்கம் ஒரு காரியத்துக்கு உதவியது இன்றுதான். ஐயருக்கு வேர்த்துவிட்டது. மெர்லின் என்னைப் பார்க்கவே இல்லை, கட்டிலில் இருந்த பெர்சிஸைப் பார்த்து, "நீ சொல்லுளா. உன் பிள்ள. அத்தைக்காக இல்லாம, உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. சண்டைக்காரியின் குரலாக அது இல்லை. அன்று போனில் அவளும் அழுதுகொண்டுதான் பேசினாள் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

பெர்சிஸ் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவசரப்படவில்லை.

"போன தடவ வச்ச பேருக்கு ரொம்ப நல்ல அர்த்தம் இருந்துச்சும்மா. சோயி. சொல்லவே பயந்துக்கிட்டு இருக்கோம்லா எல்லாரும்? நான் சொல்லுதேன். சோயி. அவ என் மூத்தவ." குழந்தையின் துணியை இழுத்து மூடினாள். "இந்தப் பேருக்கு அர்த்தம் எனக்கு வேண்டாம். இந்தப் பேருக்கு ஒரு ஆளு இருந்துச்சு. என் பிள்ளைக்குப் பக்கத்துல, கையெடுக்காம. எனக்கு அது போதும். ஐயா, இசக்கின்னே எழுதுங்க."

மெர்லின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஐயர் தலையசைத்து, ஜெபம் செய்யலாமா என்றார். ஜெபத்தில் "உம்முடைய பிள்ளை இசக்கியை" என்றார், தடுமாறாமல். "அவள் அக்கா சோயியையும்" என்று அவராகவே சேர்த்தார். நான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். நல்ல மனிதராக இருப்பது குறை அல்ல.

கண் வலிக்கிறது. சிப்ஸ் பொரித்த எண்ணெய்ப் புகை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று சபையில் குழந்தையை ஏற்றுக்கொண்டார்கள். ஐயர் பெயரை உரக்கச் சொன்னபோது மூன்றாம் வரிசையில் யாரோ இருமினார்கள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். இருமல் குணமாகிவிட்டது. வெளியே வந்ததும் ஜார்ஜ், "இசக்கின்னா கிரேக்கத்துல என்ன டீச்சர் அர்த்தம்?" என்று கேட்டார். மெர்லின் எனக்கு முன்னால், "அது தமிழு அண்ணாச்சி. இயங்க வைக்கிறவ. உங்களுக்குத் தமிழு தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 18, வியாழன்

பெர்சிஸ் குளிக்கப் போனாள். மெர்லின் மார்க்கெட்டுக்கு. குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள், கேட்காமலே.

போகும்போது பெர்சிஸ், "அத்தே, பேரு வச்சது நீங்க. ஆனா நீங்க ஒரு தடவகூடக் கூப்பிடலயே. 'குழந்தை, குழந்தை'ன்னே சொல்லுதீய" என்றாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அது உண்மையல்ல. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

குழந்தை பாயில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பார்க்க என்ன இருக்கிறதோ. மூன்று இறக்கை, ஒட்டடை. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று உறுதிசெய்துகொண்டேன்.

"இசக்கி" என்றேன்.

விசிறியை விட்டுவிட்டு என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

தற்செயல்தான். இந்த வயதில் குழந்தைகளுக்குத் தங்கள் பெயர் தெரியாது. சத்தம் வந்த திசையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சரிபார்ப்பதற்காக இன்னொரு தரம் கூப்பிட்டேன். பிறகு இன்னொரு தரம்.